எத்தனை ஆணி பிடுங்கினாய்? – சிதறிய கணக்குகளைச் சேர்த்த கதை

புனே, பெங்களூர், ஹைதராபாத், குர்காவ்ன் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் சரி, ஊரை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது பொட்டி தட்டுகிறார். 'இன்றைக்கு ஆபீஸில் ஆணி அதிகம்' என்பது நம் வீடுகளில் தினப்படி வசனம். அந்த ஆணிகளை எண்ணுவதற்கென்றே இப்போது கருவிகள் இருக்கின்றன. அந்த எண்ணிக்கை சில இடங்களில் அப்ரைசல் அறை வரைக்கும் போய் உட்காருகிறது.

விஷயம் இதுதான். ஒரு டீம் எழுதும் நிரல் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கொஞ்சம் கிட்ஹப்பில், கொஞ்சம் கிட்லேபில், பழைய சமாசாரம் பிட்பக்கெட்டில், மீதி வாடிக்கையாளர் கம்பெனியின் கணக்கில். இந்தக் கணக்குகளையெல்லாம் ஓர் அலசல் கருவியோடு இணைத்துவிட்டால், யார் எப்போது என்ன எழுதிச் சேர்த்தார், அதை யார் சரிபார்த்தார், எத்தனை நாள் ஆயிற்று என்று எல்லாவற்றையும் திரட்டி ஒரே டேஷ்போர்டில் படம் போட்டுக் காட்டும். இணைப்பது ஒரு பட்டனை அமுக்கும் வேலை. அமுக்கிய பிறகு வரும் எண்ணை நம்பலாமா என்பது வேறு வேலை.

நான் பி.காம். படித்து வங்கிக்கு வந்தவன். நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. ஆனால் பல கிளைகளில் கிடக்கும் கணக்கை ஒரு தாளில் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி, சேர்த்த பிறகு அது ஏன் டேலி ஆகாது என்பது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற சங்கதி. அந்தக் கண்ணோடு இந்தக் கருவிகளின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ஐம்பது வருஷக் கதை இருக்கிறது. அதில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சாவியை யாரிடம் கொடுப்பது? ஆள் யார்? எதை எண்ணுவது? முதல் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவதுக்கு அரைப் பதில். மூன்றாவது இன்னும் அந்தரத்தில்தான்.

பேரேடு பிறந்தது

1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்றொரு நிரலை எழுதினார். நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, ஆள், காரணத்தோடு பதிந்து வைப்பது அதன் வேலை. நம் பாஷையில் சொன்னால் நிரலுக்கு ஒரு பேரேடு. 1982-இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிஷி ஆர்.சி.எஸ். என்பதைக் கொண்டுவந்தார். 1986-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் டிக் க்ரூன் என்ற ஆசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும் ஒரே நிரலில் வேலை செய்ய வேண்டியிருந்தது. மூவருக்கும் நேரம் ஒத்துவரவில்லை. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையை அழிக்காமல் இருக்க அவர் செய்த ஏற்பாடுதான் சி.வி.எஸ். பின்னால் பல வருஷம் உலகமே அதைப் பயன்படுத்தியது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பேரேடுகள் எவையும் ஆளை எடைபோட உண்டாக்கியவை அல்ல. தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று பார்க்கவும், பழைய நிலைக்குத் திரும்பவும் உண்டாக்கியவை. வங்கியில் ஒவ்வொரு வவுச்சரிலும் கையெழுத்தும் இனிஷியலும் வாங்குவது, பின்னால் சந்தேகம் வந்தால் கேட்பதற்காக. மாசக் கடைசியில் யார் எத்தனை இனிஷியல் போட்டார் என்று எண்ணிப் பதவி உயர்வு கொடுப்பதற்காக அல்ல. கருவி ஒன்றுக்காகப் பிறந்து, பிறகு இன்னொன்றுக்குப் பயன்படுத்தப்பட்டது. பின்னால் வந்த சிக்கல்களுக்கு வேர் அங்கேதான்.

பேரேடு வாடகை வீட்டுக்குப் போனது

ஆரம்பத்தில் பேரேடு அவரவர் கம்பெனி கம்ப்யூட்டரில் இருந்தது. 1999 நவம்பரில் வி.ஏ. லினக்ஸ் என்ற நிறுவனம் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளத்தைத் திறந்தது. திறந்த மூல நிரல்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கொண்டுவந்து வைக்கலாம். 2006-இல் கூகுள் தன் பங்குக்கு கூகுள் கோட் தளத்தில் இடம் கொடுத்தது. அதே வருஷம் மைக்ரோசாஃப்ட் கோட்பிளெக்ஸ் திறந்தது.

நடுவில் 2005-இல் ஒரு திருப்பம். லினக்ஸ் கெர்னல்காரர்கள் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளை இலவச அனுமதியில் பயன்படுத்தி வந்தார்கள். அந்த அனுமதி போயிற்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உட்கார்ந்து கிட் என்பதை எழுதத் தொடங்கினார். அதே மாதம், அதே காரணத்தால், மேட் மக்கால் என்பவர் மெர்க்குரியல் எழுதத் தொடங்கினார். இந்த இரண்டிலும் பேரேட்டின் முழு நகல் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். தலைமை அலுவலகம் என்று ஒன்று கட்டாயமில்லை. எல்லாக் கிளையும் தலைமை அலுவலகம்தான்! (ஆடிட்டர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார் :-))

2008-இல் கிட்டுக்காக கிட்ஹப்பும், மெர்க்குரியலுக்காக பிட்பக்கெட்டும் வந்தன. 2010-இல் ஆஸ்திரேலியாவின் அட்லாஸியன் பிட்பக்கெட்டை வாங்கி, அடுத்த வருஷமே கிட்டையும் சேர்த்துக்கொண்டது. 2011-இல் உக்ரைன்காரர் திமித்ரி சபரோஷெத்ஸ் கிட்லேபைத் தொடங்கினார். அதைக் கம்பெனிகள் தங்கள் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

அப்புறம் வீடு காலி செய்யும் படலம். கூகுள் கோட் 2015-இல் மூடுவிழா அறிவித்து 2016 ஜனவரியில் கதவைச் சாத்தியது. 2017-இல் கோட்பிளெக்ஸ் போயிற்று. 2018-இல் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. க்னோம் திட்டத்தார் 2018-இலும் கே.டி.இ. திட்டத்தார் 2020-இலும் தங்களுக்கென்று சொந்தமாக கிட்லேப் நிறுவிக்கொண்டு அங்கே குடிபோனார்கள். பிட்பக்கெட் எந்த மெர்க்குரியலுக்காகப் பிறந்ததோ, அதையே 2020-இல் கைவிட்டது. நம் நாட்டிலும் ஒரு கூத்து நடந்தது. 2014 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவில் 32 இணைய முகவரிகள் முடக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் கிட்ஹப்பும் இருந்தது. சில நாள் பல பேருக்கு வேலையே ஓடவில்லை. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்று அன்றைக்குப் பலர் கற்றுக்கொண்டார்கள்.

ஆக, ஒரு டீமுக்கு மூன்று நான்கு கணக்கு இருந்தால் அது ஒழுங்கீனம் இல்லை. வரலாறு அப்படி. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது அதன் கணக்கும் சேர்ந்து வருகிறது. 2020 ஏப்ரல் 1 அன்று சென்னை இந்தியன் வங்கியோடு கொல்கத்தா அலகாபாத் வங்கி இணைந்தது. அன்று பெயர்ப்பலகை ஒன்றாகிவிட்டது, ஆனால் இரண்டு கம்ப்யூட்டர் கணக்குகள் ஒன்றாவது தனி வேலை. மென்பொருள் கம்பெனியிலும் இதே கதைதான். அதிலும் நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் சேவை நிறுவனங்களில் இன்னொரு முடிச்சு உண்டு. எழுதுகிற நிரல் வாடிக்கையாளருடையது, ஆகவே அது வாடிக்கையாளரின் கணக்கில்தான் இருக்கும். சம்பளம் ஒரு இடம், உழைப்பின் பதிவு இன்னொரு இடம்.

முதல் கேள்வி: சாவியை யாரிடம் கொடுப்பது?

இப்படிச் சிதறிய கணக்குகளை வெளியிலிருந்து ஒரு கருவி படிக்க வேண்டுமென்றால் அதற்கு அனுமதி வேண்டும். 2000-களின் நடுவில் இதற்கு இருந்த வழி படு மோசம். உங்கள் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்தக் கருவியிடமே கொடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் புதுத் தளங்கள் 'உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்கிறோம்' என்று சொல்லி மின்னஞ்சல் பாஸ்வேர்டையே கேட்டது ஞாபகம் இருக்கும். பாஸ்புக்கில் வரவு பதிய வருகிறவரிடம் கையெழுத்துப் போட்ட வெற்று செக் புத்தகத்தைக் கொடுப்பது போல.

2006 நவம்பரில் ட்விட்டரில் இருந்த பிளேன் குக் உள்ளிட்ட சிலர் இதற்கு வழி தேடத் தொடங்கினார்கள். அதிலிருந்து ஓஆத் என்ற ஏற்பாடு பிறந்தது. முதல் பதிப்பு 2007-இல் வந்தது. 2009 ஏப்ரலில் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்து அடைத்தார்கள். 2012 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு. இன்று 'கிட்ஹப் மூலம் இணைக்கவும்' என்ற பட்டனை அமுக்கினால் வரும் அனுமதித் திரைக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடுதான். பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கும். கருவிக்கு ஒரு டோக்கன் மட்டும் போகும். அது எதைத் தொடலாம் என்று எழுதியிருக்கும். வேண்டாமென்றால் டோக்கனை மட்டும் ரத்து செய்யலாம், பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் பாஷையில் இது நிலையான உத்தரவு மாதிரி. இன்ன வேலைக்கு, இன்ன அளவு, நான் நிறுத்தும் வரை.

பழைய பழக்கம் லேசில் போகவில்லை. கிட்ஹப் தன் ஏ.பி.ஐ. வாசலில் பாஸ்வேர்டை வாங்க மறுத்தது 2020 நவம்பரில். நிரலை ஏற்றி இறக்கும் வாசலில் மறுத்தது 2021 ஆகஸ்ட் 13-இல்.

டோக்கன் வந்ததால் ஆபத்து போய்விடவில்லை, வேறு இடத்துக்கு மாறியது. 2022 ஏப்ரலில் ஹெரோகு, டிராவிஸ் சி.ஐ. என்ற இரண்டு சேவைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஓஆத் டோக்கன்களை யாரோ திருடி, டஜன் கணக்கான நிறுவனங்களின் தனிப்பட்ட நிரல்களை கிட்ஹப்பிலிருந்து இறக்கிக்கொண்டார்கள். பத்து வீட்டுச் சாவியை ஒரே இடத்தில் மாட்டி வைத்தால் திருடனுக்கு ஒரு வீட்டைப் பார்த்தால் போதும். பல கணக்குகளை ஒரு கருவியோடு இணைக்கும்போது நடப்பது இதுதான்.

இன்னொரு விஷயம், சாவியின் அளவு. கிட்ஹப்பின் பழைய முறை ஓஆத் அனுமதியில், தனிப்பட்ட ரெப்போக்களைப் படிக்க மட்டும் அனுமதி என்று ஒன்று கிடையாது. கொடுத்தால் படிக்கவும் எழுதவும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்க்க வந்தவருக்கு அழிக்கும் உரிமையும்! 2017-இல் கிட்ஹப் ஆப் என்ற புது முறை வந்த பிறகுதான் இந்த ரெப்போ மட்டும், படிக்க மட்டும் என்று பிரித்துக் கொடுக்க முடிந்தது.

நம் துறையில் இதற்கு ஒரு நல்ல ஒப்புமை உண்டு. பல வங்கிகளில் இருக்கும் ஒருவருடைய கணக்கு விவரத்தை ஒரு இடத்துக்குக் கொண்டுவரும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறைக்கு ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் விதி வகுத்தது. 2021 செப்டம்பரில் எட்டு வங்கிகளோடு அது நடைமுறைக்கு வந்தது. அதில் சம்மதம் என்றால் எதற்காக, எந்த விவரம், எத்தனை நாள் என்று எழுதியிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நடுவில் நிற்கும் அக்ரிகேட்டர் விவரத்தைக் கடத்தலாமே ஒழியப் படிக்க முடியாது, அது பூட்டின உறையில் போகிறது. நிரல் அலசும் கருவிகளில் இந்தக் கடைசிப் பாதுகாப்பு இல்லை. உறையைப் பிரித்துப் படிப்பதுதான் அவற்றின் தொழிலே. அதனால் அனுமதித் திரையை முழுசாகப் படிப்பது இன்னும் முக்கியம்.

இரண்டாவது கேள்வி: ஆள் யார்?

சாவி கொடுத்தாயிற்று. கருவி உள்ளே போய்ப் பார்க்கிறது. ஒவ்வொரு பதிவிலும் (கமிட் என்பார்கள்) ஒரு பெயரும் ஒரு மின்னஞ்சலும் இருக்கிறது. இதை யார் எழுதினார்? அந்தக் கம்ப்யூட்டரில் கிட்டை நிறுவியபோது அதன் சொந்தக்காரர் என்ன தட்டினாரோ அதுதான். கிட் அதைச் சரிபார்ப்பதில்லை. ஆபீஸ் லேப்டாப்பில் ஆபீஸ் மின்னஞ்சல், வீட்டு லேப்டாப்பில் ஜிமெயில், வாடிக்கையாளர் கொடுத்த மிஷினில் அவர்கள் கொடுத்த முகவரி. ஆள் ஒருவர், பேரேட்டில் மூன்று பேர்.

இந்தச் சங்கடம் தமிழர்களுக்குப் புதிதா என்ன? வடக்கே வந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிய யாருக்கும் தெரியும். எஸ்.கார்த்திக் என்று பள்ளிச் சான்றிதழ், கார்த்திக் சுப்பிரமணியன் என்று பாஸ்போர்ட், கார்த்திக் எஸ் என்று பேன் கார்டு, 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயர். கடன் விண்ணப்பத்தில் இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று உறுதி செய்வதற்குள் எங்களுக்குப் பாதி நாள் போய்விடும். நிரல் பேரேட்டிலும் இதே எஸ்.கார்த்திக், கார்த்திக் எஸ். பெயரை மட்டும் வைத்துக் கருவி சேர்க்கப் போனால் ஒரே டீமில் இருக்கும் இரண்டு கார்த்திக்குகளை ஒருவராக்கிவிடும். மின்னஞ்சலை மட்டும் வைத்தால் ஒரு கார்த்திக்கை மூவராக்கிவிடும்.

இதை முதலில் பெரிய அளவில் சந்தித்தது ஓலோ என்ற தளம். மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த இருவர் தொடங்கி 2006-இல் திறந்தது. வெவ்வேறு இடங்களில் கிடந்த சி.வி.எஸ்., சப்வெர்ஷன், கிட் பேரேடுகளைப் படித்து, யார் எந்தத் திட்டத்துக்கு என்ன எழுதினார் என்று பக்கம் பக்கமாகக் காட்டியது. பல இடத்துக் கணக்கை ஓரிடத்தில் சேர்த்து அலசும் இன்றைய கருவிகளுக்கு அதை மூத்த அண்ணன் என்று சொல்லலாம். ஆள் அடையாளத்துக்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. கருவி தானாக முடிவு செய்யாது. 'இந்தப் பெயரில் இருப்பது நான்தான்' என்று ஆளே வந்து உரிமை கோர வேண்டும். 2009-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் கைக்கும் 2010-இல் பிளாக் டக் என்ற நிறுவனத்துக்கும் போய், 2014-இல் ஓபன் ஹப் என்று பெயர் மாறியது.

கிட்டிலேயே ஒரு வழி உண்டு. மெயில்மேப் என்ற சின்னக் கோப்பில் 'இந்த மூன்று முகவரியும் இந்த ஒருவரே' என்று எழுதி வைக்கலாம். கிட்ஹப்பில் ஒரே கணக்கில் பல மின்னஞ்சல்களைச் சேர்க்கலாம். சேர்க்காத முகவரியிலிருந்து எழுதிய நிரல் உங்கள் பெயரில் ஏறாது. ஸ்பெயினில் பிட்டெர்ஜியா நிறுவனத்தாரும் அங்குள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வளர்த்த கிரிமோயர்லேப் என்ற திறந்த மூலத் தொகுப்பில், ஆள் சேர்க்கும் வேலைக்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஹாரி பாட்டர் கதையில் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் தொப்பி இருக்கிறதே, சார்ட்டிங் ஹேட், அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த வேலைக்குத் தனியாக ஒரு கருவியே தேவைப்பட்டது என்பதிலிருந்து சிக்கலின் பருமனைப் புரிந்துகொள்ளலாம்.

ஆளைச் சேர்த்தாலும் இரட்டை எண்ணிக்கை பாக்கி இருக்கிறது. ஒரே ரெப்போவின் நகல் கிட்ஹப்பிலும் கிட்லேபிலும் இருந்தால்? கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது எழுத்தில் ஒரு கைரேகை உண்டு. நகலில் அதே கைரேகை இருப்பதால் ஒழுங்கான கருவி ஒரு முறைதான் எண்ணும். ஆனால் பத்துச் சின்னப் பதிவுகளை ஒன்றாக அமுக்கிச் சேர்த்தால் கைரேகை மாறிவிடும், பத்து ஒன்றாகிவிடும். இரண்டு பேர் ஒரே மிஷினில் சேர்ந்து உட்கார்ந்து எழுதினால் ஒருவர் பெயர்தான் ஏறும். இணை ஆசிரியர் என்று இரண்டாவது பெயரையும் காட்டும் வசதியை கிட்ஹப் 2018 ஜனவரியில்தான் கொடுத்தது. குழுமக் கம்பெனிகளின் ஐந்தொகையைச் சேர்க்கும்போது ஒரு கம்பெனி இன்னொன்றுக்கு விற்றதைக் கழித்துவிட வேண்டும் என்று எங்களுக்கு பி.காம். வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். கழிக்காமல் கூட்டினால் விற்பனை ஊதிப்போய்த் தெரியும். அதே பாடம்தான் இங்கேயும்.

மூன்றாவது கேள்வி: எதை எண்ணுவது?

வரிகளை எண்ணுவதுதான் பழைய வழி. ஐ.பி.எம்.மில் ஆயிரம் வரிக்கு கே-லாக் என்று பெயர். மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து வேலை செய்த 1980-களில் இந்த கே-லாக் கணக்கு தங்களை எப்படிப் படுத்தியது என்று ஸ்டீவ் பால்மர் 1996-இல் வந்த ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் எரிச்சலோடு சொல்லியிருக்கிறார். குறைந்த வரியில் நன்றாக எழுதினால் காசும் குறையுமா என்பது அவர் கேள்வி.

ஆப்பிளில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1982-இல் லிசா கம்ப்யூட்டர் டீமில் மேனேஜர்கள் ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். வாராவாரம் எத்தனை வரி எழுதினாய் என்று நிரப்ப வேண்டும். பில் அட்கின்சன் (2025 ஜூனில் காலமானார்) அந்த வாரம்தான் குவிக்டிராவின் ஒரு முக்கியப் பகுதியை முற்றிலும் மாற்றி எழுதியிருந்தார். அது கிட்டத்தட்ட ஆறு மடங்கு வேகமாயிற்று, நிரலில் சுமார் இரண்டாயிரம் வரி குறைந்தது. படிவத்தில் அவர் எழுதிய எண்: மைனஸ் 2000. கொஞ்ச வாரத்தில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். இந்தச் சம்பவத்தை அவருடைய சக ஊழியர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் இதற்குச் சூத்திரமே சொல்லிவிட்டார். சார்ல்ஸ் குட்ஹார்ட், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பொருளாதார ஆலோசகர். 1975-இல் ஆஸ்திரேலியாவில் படித்த கட்டுரையில், ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு அதை வைத்தே கட்டுப்படுத்தப் பார்த்தால் அது அதுவரை காட்டிவந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்ற கருத்தைச் சொன்னார். வங்கியில் வேலை பார்ப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்ச் 31 அன்று கிளையின் டெபாசிட் எப்படி வீங்கும், ஏப்ரல் முதல் வாரத்தில் எப்படி வடியும் என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு எண்தான் வளர்ந்தது, கிளை வளரவில்லை.

கிட்ஹப் 2013-இல் ஒவ்வொருவர் பக்கத்திலும் பச்சைக் கட்டங்களைப் போட்டது. ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதினீர்களோ கட்டம் அவ்வளவு அடர் பச்சை. கூடவே, விடாமல் எத்தனை நாள் எழுதினீர்கள் என்ற எண்ணிக்கை. லீவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சங்கிலி அறுந்துவிடக் கூடாதே என்று எதையாவது எழுதிச் சேர்க்கிறவர்கள் கிளம்பினார்கள். 2016-இல் அந்தத் தொடர் எண்ணிக்கையை கிட்ஹப்பே எடுத்துவிட்டது.

அலசல் கருவிகள் இந்தக் காலத்தில்தான் பெரிய வியாபாரமாயின. 2019-இல் கிட்பிரைம் என்ற கருவியை புளூரல்சைட் நிறுவனம் 17 கோடி டாலருக்கு வாங்கியது. இன்னொரு பக்கம் ஆராய்ச்சியும் நடந்தது. நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் பல வருஷ ஆய்வைத் திரட்டி 2018-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்கள். எத்தனை முறை வெளியிடுகிறீர்கள், எழுதியது வாடிக்கையாளரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம், வெளியிட்டதில் எத்தனை கோளாறு, கோளாறு வந்தால் மீள எவ்வளவு நேரம் என்ற நான்கு அளவுகள் அதில் பிரபலம். இந்த நான்கும் டீமுக்கு. தனி ஆளை நிறுத்தி எடைபோட அல்ல. 2021-இல் ஃபோர்ஸ்கிரெனும் வேறு சிலரும் சேர்ந்து, ஒரே எண்ணால் உழைப்பை அளக்கவே முடியாது, மனநிறைவு, கூட்டுவேலை உட்பட ஐந்து பக்கமும் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். 2023 ஆகஸ்டில் மெக்கின்ஸி நிறுவனம் 'அளக்க முடியும்' என்று கட்டுரை போட்டபோது கென்ட் பெக் போன்ற மூத்த நிரலாளர்கள் உடனே மறுத்து எழுதினார்கள். சண்டை ஓயவில்லை.

இதற்கு நடுவில் 2022 ஜூனில் கிட்ஹப் கோபைலட் எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. வரியை இயந்திரம் எழுதும், பெயர் ஆளுடையது ஏறும். வரி எண்ணிக்கைக்கு மிச்சம் மீதி இருந்த மரியாதையும் போயிற்று.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

இந்தக் கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரெண்டு வாரமாகச் சரிபார்க்க ஆளில்லாமல் ஒருவருடைய வேலை தூங்குகிறது என்று மேனேஜருக்குக் காட்டினால் அது உபகாரம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரே ஆள் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டினால் அது பெரிய உபகாரம். டோட்டல் வேண்டாம் என்று சொல்கிற வங்கிக்காரன் கிடையாது. ஆனால் ரீகன்சிலியேஷன் செய்யாத டோட்டலில் கையெழுத்துப் போடுகிற வங்கிக்காரனும் இருக்கக் கூடாது. அதனால் சில யோசனைகள்:

1. உங்கள் டீமின் கணக்குகளை ஏதாவது கருவியோடு இணைத்திருக்கிறார்களா, எந்தெந்தக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் கணக்கில் செய்யும் வேலை அதில் வருகிறதா என்பதையும் கேளுங்கள். வராவிட்டால் டேஷ்போர்டில் உங்கள் வருஷம் காலியாகத்தான் தெரியும்.

2. எந்தெந்த மெஷினில் எந்த மின்னஞ்சலில் எழுதுகிறீர்கள் என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொரு கார்த்திக் கணக்கு உங்களோடு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. உங்கள் சொந்தக் கணக்கை ஆபீஸ் கருவியோடு இணைக்கச் சொன்னால் அனுமதித் திரையைப் படியுங்கள். படிக்க மட்டுமா, எழுதவுமா? எந்த ரெப்போ? வேலையை விட்டு வரும்போது பி.எஃப். மாற்றுவதற்கு முன்னால் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

4. அப்ரைசலில் எண்ணைக் காட்டினால், அந்த எண்ணில் வராததை எழுத்தில் கொண்டுபோங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக்கொடுத்தது, அடுத்தவர் நிரலைச் சரிபார்த்தது, வெட்டி எறிந்த இரண்டாயிரம் வரி.

கடைசி யோசனை மேனேஜர் நாற்காலியில் இருக்கும் நம்மவர்களுக்கு. அவர்களும் இப்போது நிறையப் பேர். எண் ஒருவரைக் குறைத்துக் காட்டினால், அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று கேள்வியையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். எல்லாக் கணக்கும் வந்திருக்கிறதா? ஆள் சரிதானா? எண்ணியது எண்ண வேண்டியதுதானா? எங்கள் கவுண்டரில் வித்தியாசம் வந்தால் முதலில் நோட்டைத் திரும்ப எண்ணுவோம். அப்புறம்தான் கேஷியரைக் கேட்போம்.